ஒப்பிட்டுப் பார்த்த கண்

சொந்தச் செலவில் வெளிவரும் நூல்களில் பிழை மலிந்திருக்கும், பதிப்பகத்தார் நூல்கள் செம்மையாக இருக்கும் என்று பலரும் கருதுகின்றனர். நாம் அவ்வாறு கருதுவதில்லை. பெயர்பெற்ற பதிப்பகமொன்று வெளியிட்ட நபிமார் வரலாற்றை அண்மையில் மாணவர்க்குப் படித்துக் காட்டினோம். 'அருள்' என்றிருக்க வேண்டிய இடத்தில் 'இருள்' என்றிருந்தது. ஓரெழுத்து மாறியதால் பொருள் தலைகீழாயிற்று.

1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்ட உ. வே. சாமிநாதையருக்குப் பெரிய பதிப்பகத்தின் துணை இருந்ததில்லை. அன்பர்களின் பொருளுதவியோடு தாமே பதிப்பித்தார். ஆயினும் ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கினார். சைவராகிய அவர், குடந்தைச் சமணரிடம் சென்று ஐயம் தெளிந்தார். அப்பதிப்பின் செம்மைக்கு அவ்வுழைப்பே காரணம்.

நம் முன்னோரும் இவ்வாறே செய்தனர். ஹதீஸ் ஏடுகளைப் படியெடுத்தோர் ஒவ்வொரு ஹதீஸின் முடிவிலும் ஒரு வட்டமிடுவர். மூலத்துடன் ஒப்பிட்ட பின்னரே அதனுள் புள்ளி வைப்பர். இவ்வாறு ஒப்பிடுதலை 'முகாபலா' என்பர். புள்ளியில்லா வட்டத்தைக் கண்டவர், அப்பகுதி இன்னும் சரிபார்க்கப்படவில்லை என்றறிந்து எச்சரிக்கையடைவர்.

எழுதியவரின் கண் தாம் எழுத நினைத்ததையே படிக்கும். தாளில் உள்ளதைக் காணாது. ஆதலின் செலவு எவருடையதாயினும் பிறரொருவர் மூலத்தோடு ஒப்பிட்டுப் படித்தல் வேண்டும். நூல் வெளியிட விழையும் அன்பர்கள், அட்டை வண்ணத்துக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கையேனும் மெய்ப்புப் பார்ப்பவருக்கு ஒதுக்குவார்களாக. திருமறை வசனமும் நபிமொழியும் இடம்பெறும் நூலாயின், அவற்றைப் பிழையின்றி வாசகர் கையில் சேர்ப்பது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமாகும்.