ராஜமலைக்குக் குடும்பத்தோடு போகிறீர்களா?

கோட்டையூர்ப் பெண்களுக்கு மலை என்றால் குன்றக்குடிதான். படியேறி முருகனைக் கும்பிட்டு, சற்று உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு வந்து சேர்ந்துவிடலாம். அப்படியிருக்க, பரீட்சை லீவுக்கு மூணாறு பக்கம் இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குப் போகலாம் என்று பிள்ளைகள் ஆரம்பித்ததும் என் மாமியார் சாப்பிடுகிற தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்கள். "குரங்கணியை எல்லாரும் மறந்துட்டீகளா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள்.

நியாயமான கேள்வி. 2018 மார்ச் 11 அன்று போடிக்குப் பக்கத்துக் குரங்கணி மலையில் நடந்தது யாருக்கு மறக்கும்? கொழுக்குமலையிலிருந்து இறங்கி வந்த கூட்டத்தைக் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. இருபது பேருக்கு மேல் போய்விட்டார்கள். கல்யாணமான புதுசில் இருந்தவர்கள், வேலைக்குப் போகிற பெண்கள் என்று எத்தனை பேர்! மாசி, பங்குனியில் அந்தச் சரிவுகளில் ஆளுயரப் புல் காய்ந்து பஞ்சு மாதிரி நிற்கும். நெருப்பு கீழிருந்து மேலே ஓடுகிற வேகம், மேலிருந்து கீழே இறங்கும்போது இருக்காது. மேலே ஓடித் தப்பலாம் என்று நினைப்பவரைத்தான் அது முதலில் பிடிக்கும்.

ஆனால் ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும் சகோதரிகளே. காட்டுப் பாதையில் கால்நடையாக மலையேறுவது வேறு, வனத்துறை கூட்டிக்கொண்டு போய்க் காட்டும் இடத்தைப் பார்த்துவிட்டு வருவது வேறு. இரவிகுளத்தில் நாம் போவது ராஜமலை என்கிற ஒரு பகுதிக்கு மட்டும்தான். அஞ்சாம் மைலில் டிக்கெட் வாங்கினால் வனத்துறை பஸ்ஸிலேயே மேலே கொண்டுபோய் விடுகிறார்கள். அதற்கப்புறம் போட்ட ரோட்டில் கொஞ்ச தூரம் நடை, காவலர்கள் கண்ணெதிரிலேயே. தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி (2695 மீட்டர்) அந்தப் பூங்காவுக்குள்தான் இருக்கிறது, ஆனால் நாம் பார்ப்பதோடு சரி. இதை விளக்கிச் சொன்ன பிறகுதான் மாமியார் தட்டைத் திரும்ப இழுத்துக்கொண்டார்கள். குரங்கணிப் பக்கம் நடைப்பயணம் என்று யார் கூப்பிட்டாலும், அனுமதிச் சீட்டைக் கண்ணால் பார்க்காமல் வீட்டுப் பெண்ணை அனுப்பாதீர்கள்.

அடுத்தது எப்போது போவது. வரையாடு குட்டி போடுகிற காலம் என்று பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் பூங்காவை மூடிவிடுகிறார்கள். மூடுகிற, திறக்கிற தேதியை வருஷா வருஷம் அறிவிப்பார்கள். கேட்டுக்கொண்டுதான் ரூம் போட வேண்டும். ஆனி முதல் ஆவணி வரை கைக்குழந்தையோடு அந்தப் பக்கம் வேண்டவே வேண்டாம். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி, ராஜமலைக்குப் பக்கத்துப் பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர் வீடுகளை அப்படியே மூடிவிட்டது. எழுபது பேர். எல்லாம் பிழைக்கப் போன நம் தமிழ்க் குடும்பங்கள். தூங்குகிற நேரம்! மூணாறுக்கும் பூப்பாறைக்கும் நடுவில் கேப் ரோடு என்கிற இடத்திலும் மழைக்கு மண் சரிந்து வழி அடைபட்டிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை நம் பக்கத்துச் சரிவில் கொட்டும். ஆக, தை முதல் பாதியும் சித்திரையும்தான் நமக்கு ஒத்துவரும். நாங்கள் சித்திரையில் போனோம்.

காரைக்குடி, திருப்பத்தூர், மதுரை, தேனி, போடி என்று வழி. ராத்திரியே கிளம்பிவிடலாம் என்றார் என் கணவர். நான் கண்டிப்பாக முடியாது என்று சொல்லிவிட்டேன். மலையில் யானை நடமாட்டம் உண்டு. மூணாறில் 'படையப்பா' என்று பேர் வாங்கின கொம்பன் ரோட்டில் நின்று பஸ்ஸையே மறிப்பானாம்! விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினால் வெளிச்சத்திலேயே போடிமெட்டு ஏறிவிடலாம்.

போடியிலிருந்து மேலே 17 கொண்டை ஊசி வளைவு. பிள்ளைகளுக்கு வயிற்றைப் புரட்டுகிற இடம் இதுதான். வயிறு முட்ட பூரி, கிழங்கு கொடுத்து ஏற்றாதீர்கள், வெறும் வயிறும் கூடாது. ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி போதும். முன் சீட்டில் உட்கார வைத்து நேரே பார்க்கச் சொல்லுங்கள். கையில் போனைக் கொடுத்தால் மூன்றாவது வளைவிலேயே வாந்திதான். சுக்கு கருப்பட்டி உருண்டை ஒன்றை வாயில் அடக்கிக்கொள்ளலாம். வாந்தி மாத்திரை என்றால் டாக்டரைக் கேட்டு, குழந்தையின் எடைக்குத் தகுந்த அளவில் மட்டும். மருந்துக்கடைக்காரர் சொன்னார் என்று கொடுக்காதீர்கள்.

துணிமணி விஷயத்தில் நாம் சமவெளிக்காரர்கள் ஏமாந்து போவோம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறு டிகிரி குறையும். கோட்டையூரில் வேர்வை வழியக் கிளம்பி, ராஜமலையில் இறங்கினால் காற்று காதைக் குடைகிறது. உள்ளே பருத்தி, மேலே கம்பளி, காதுக்குக் குல்லா. நைலான் புடவை கசங்காது என்று எடுத்துப் போவோமே, அது மலைக்கு ஆகாது. நெருப்புப் பட்டால் உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். மழையில் நனைந்த குழந்தைக்கு உடனே உலர்ந்த உடை மாற்ற வேண்டும், அதனால் ஒரு ஜோடி கைப்பையிலேயே இருக்கட்டும். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். மழைக்காலம் என்றால் அட்டை வேறு. உப்புப் பொட்டலம் வைத்துக்கொண்டால் போதும்.

மாமியாருக்கு ரத்தக் கொதிப்பு. ஒரு வாரம் முன்னாலேயே டாக்டரிடம் காட்டி, நடக்கலாமா என்று கேட்டுக்கொண்டோம். மாத்திரை இரண்டு பையில், ஒன்று தொலைந்தாலும் மற்றது இருக்கும். மூச்சிரைப்பு உள்ளவர்கள் இழுக்கிற மருந்தை வேனில் விட்டுவிட்டுப் போகக் கூடாது. உப்பு சர்க்கரைப் பொடிப் பொட்டலம், காய்ச்சல் மருந்து, கட்டுத்துணி இவை போதும். பல இடத்தில் போன் எடுக்காது. பிள்ளைகள் சட்டைப்பையில் எங்கள் நம்பரும் தங்கும் விடுதியின் பேரும் எழுதி வைத்தேன். ஆம்புலன்ஸ் 108 கேரளத்திலும் அதே எண்தான்.

பலகாரம் இல்லாமல் செட்டிநாட்டுக்காரர்கள் ஊர் தாண்டுவார்களா? சீப்புச் சீடையும் மாவுருண்டையும் தூக்குவாளியில் எடுத்துப் போனோம். ஆனால் அதெல்லாம் விடுதியோடு சரி. பூங்காவுக்குள் பிளாஸ்டிக் பை கூடாது, ஆட்டுக்குத் தீனி போடவும் கூடாது.

அந்த ஆடுகளைச் சொல்லியே ஆக வேண்டும். வரையாடு நம் தமிழ்நாட்டின் மாநில விலங்கு. உலகத்தில் அவை அதிகமாக மிஞ்சியிருப்பது இங்கேதான் என்கிறார்கள். 1975இல் சரணாலயமாக்கி, 1978இல் தேசியப் பூங்காவாக அறிவித்துக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ஒரு தாய் ஆடு ரோட்டோரமாக வந்து நின்றது, பின்னாலேயே மாதம் ஒன்றுகூட ஆகாத குட்டி. எங்கள் சின்னவன் தொடப் போனான். மாமியார் கையைப் பிடித்து இழுத்து, "தாய் பக்கத்துல நிக்குது, சும்மா இரு அப்பு" என்றார்கள். காவலர் சிரித்துவிட்டார். குட்டி பாறையில் நாலு தாவு தாவி எங்கோ போய்விட்டது.

நீலக்குறிஞ்சி பார்க்கலாம் என்று கிளம்பாதீர்கள். 2018இல் பூத்தது, இனி 2030இல்தான்.

திரும்பும்போது மத்தியானம் இரண்டு மணிக்கே மூணாறை விட்டுவிட்டோம். ஊர் சுற்றிப் பார்க்கவில்லை என்று பிள்ளைகளுக்குக் குறை. இருட்டுவதற்குள் போடி இறங்கி, ஏலக்காய் கால் கிலோ வாங்கிக்கொண்டு வீட்டைப் பார்க்க வந்தோம்.