சாயங்காலத்துக்கு ஓர் இடம்

குடியை விடுகிறவன் எதையெல்லாம் இழக்கிறான் என்று நாம் யோசிப்பதில்லை. குடியோடு சேர்ந்து அவனுடைய சாயங்காலமும் போய்விடுகிறது. பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடும் டாஸ்மாக்கை ஒட்டிய பாரில், "வாண்ணே" என்று நகர்ந்து இடம் கொடுக்க அவனுக்கு நாலு பேர் இருந்தார்கள். சிகிச்சை முடிந்து திரும்பியதும் அந்த நாலு பேரும் ஆகாதவர்களாகிவிடுகிறார்கள். வீட்டிலோ, அவன் வாயைத் திறந்தால் பேச்சுக்கு முன் வாசனையைத்தான் கவனிக்கிறார்கள். ஆறு மணிக்கு மேல் அவன் எங்கே போவான்?

என் சித்தப்பா போனது ஒரு பள்ளிக்கூட வகுப்பறைக்கு. பிள்ளைகள் போன பிறகு அங்கே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் நடக்கும்; ஏ.ஏ. மீட்டிங் என்பார்கள். குடும்பத்தாரும் வரலாம் என்ற நாட்களில் நானும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். கரும்பலகையில் காலையில் போட்ட கணக்கு அப்படியே இருக்கும். ஒருவர் எழுந்து பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்பார். எல்லாரும் அந்தப் பெயரைச் சொல்லி வணக்கம் வைப்பார்கள். அவர் பேசி முடிக்கும்வரை குறுக்கே ஒரு வார்த்தை வராது, புத்திமதியும் வராது. அங்கே கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பதால் அதற்கு மேல் நானும் சொல்லவில்லை.

இந்த இயக்கம் பிறந்ததே ஒருவருக்குத் துணை தேவைப்பட்டதால்தான். 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில், வியாபார விஷயமாகப் போய், அது கைகூடாமல் ஓட்டல் முகப்பில் நின்றிருந்தார் பில் வில்சன். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன, அருகிலேயே பார். அவர் தொலைபேசியை எடுத்துத் தேவாலயங்களை அழைத்து, தான் பேசுவதற்கு ஒரு குடிநோயாளி வேண்டும் என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர்தான் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித். கால்மணி நேரம்தான் என்று சொல்லி வந்தவர், பல மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்.

உறுப்பினராகக் குடியை விடும் ஆசை ஒன்றே போதும். கட்டணம் கிடையாது. டீக்கும் வாடகைக்கும் அவர்களுக்குள்ளேயே பணம் போட்டுக்கொள்கிறார்கள். நான் நீட்டிய நோட்டை, "வெளியாள் கிட்ட வாங்கறதில்ல தம்பி" என்று மறுத்துவிட்டார்கள். யாருடைய தயவிலும் நடக்காத இடம் என்பதால்தானோ என்னவோ, அங்கே யாரும் தலைகுனிந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

ஒரு கல்யாண வீட்டில் சித்தப்பாவுக்கு ஸ்லிப் ஆனது. மறுபடி குடித்துவிட்டதை அப்படித்தான் சொல்வார்கள். வெட்கத்தில் மீட்டிங்குக்குப் போகாமல் இருந்தார். சொந்தக்காரர்கள் நாங்கள் எல்லாரும் பேசித் தீர்த்த பிறகு, அங்கிருந்து இருவர் வந்தார்கள். நடந்ததைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. "இன்னிக்கு டீ போட ஆள் இல்லண்ணே, நீங்க வந்தா நல்லாருக்கும்" என்றார்கள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். எத்தனையோ அறிவுரைகளால் ஆகாததை அந்த ஒரு வேலை செய்தது என்றே நான் நம்புகிறேன்.

குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கான அல்-அனான் கூட்டத்துக்குச் சித்தி போனார். அவருக்கும் அழ ஓர் இடம் கிடைத்தது. ஆனால் குடிக்கும் பெண் ஒருத்தி அந்த வகுப்பறைப் படியேறி வருவதற்குள் ஊர் அவளை எத்தனை கேள்வி கேட்கும்! அவளுக்கும் ஒரு பெஞ்ச் வேண்டும். சாயங்காலம் பூட்டிக்கிடக்கும் பள்ளிகள் நம் ஊர்களில் ஏராளம். சாவி வைத்திருப்பவர்கள் கொஞ்சம் மனசு வைக்கவேண்டும்.