எட்டுக் கால் சிப்

அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில், மாடியில் இருக்கிறது அந்த லேப்டாப் சர்வீஸ் கடை. நான் போனபோது மேசைமேல் ஒரு பழைய மிஷின் பிரித்துக் கிடந்தது. பவர் லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே மட்டும் இல்லை. மிஷினை எழுப்பிவிடும் பயாஸ் நிரலுக்கு அப்டேட் ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போயிருக்கிறது. பேட்டரியும் எப்போதோ செத்துவிட்டது.

“பயாஸ் கரப்ட். ஃபைல் ஏத்தணும்” என்றார் கடைக்கார அண்ணன்.

ஆனால் உடனே ஏற்றிவிடவில்லை. பேட்டரியையும் போர்டிலிருந்த பட்டன் செல்லையும் கழற்றினார். பயாஸ் குடியிருக்கும், விரல் நகத்தைவிடச் சிறிய எட்டுக் கால் சிப்பின்மேல் லென்ஸை வைத்து எழுத்துகளைப் படித்தார். அந்த நம்பரை வைத்துத்தான் சிப் 3.3 வோல்ட்டா, 1.8 வோல்ட்டா என்று தெரியும். மாற்றிக் கொடுத்தால் சிப்பே போய்விடலாம். பிறகு கிளிப்பை மாட்டி, சிஎச்341ஏ புரோகிராமர் வழியாக உள்ளே இருந்ததைப் படித்துக் கம்ப்யூட்டரில் சேமித்தார். மறுபடி ஒருமுறை படித்து இரண்டையும் ஒப்பிட்டார். பொருந்தவில்லை. கிளிப்பை அசைத்து உட்கார வைத்து, பொருந்தும் வரை படித்தார்.

கெட்டுப்போனதை எதற்கு இத்தனை பத்திரமாக எடுக்க வேண்டும்? மிஷினின் சீரியல் நம்பர் அதில்தான் இருக்கிறது; விண்டோஸ் 8 காலம் முதல் வந்த பலவற்றில் விண்டோஸ் சாவியும் அதற்குள்தான். இதே மாடலின் வேறொரு ஃபைலை அப்படியே ஏற்றினாலும் திரை வந்துவிடும். ஆனால் இந்த மிஷினுக்கு வேறொன்றின் அடையாளம் ஒட்டிக்கொள்ளும். அதனால் பழுதான பகுதியை மட்டும் கம்பெனி ஃபைலிலிருந்து வெட்டியெடுத்துப் பொருத்தினார். இந்தத் தொழிலின் நேர்மை இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. குறுக்கு வழியில் போயிருந்தாலும் வாடிக்கையாளருக்குத் தெரியப்போவதில்லை.

தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுத்த பழைய லேப்டாப்புகளும் இந்தக் கடைக்கு இன்னும் வருகின்றன. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டத்தின் காக்களூரில் தொடங்கிய திட்டம் அது. அக்கா படித்து முடித்தது தம்பிக்கு, பிறகு சித்தி மகளுக்கு என்று கைமாறிக்கொண்டே இருக்கின்றன. 2025 அக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்தது. இவற்றில் விண்டோஸ் 11ஐ முறைப்படி போட முடியாது. அண்ணன் லினக்ஸ் போட்டுக் கொடுக்கிறார். பெரும்பாலான டிரைவர்கள் அதன் கெர்னலோடே வந்துவிடும். ஆரம்ப கால அரசு லேப்டாப்புகளில் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் விண்டோஸோடு சேர்ந்தே இருந்தது. அதை அப்போதே பள்ளிகளில் ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்திருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

நான் அங்கே இருந்தபோதே ஆவடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி வந்தாள். ஃபார்மட் அடித்த பிறகு வைஃபை காணோம். நெட் இல்லாமல் டிரைவர் இறங்காது, டிரைவர் இல்லாமல் நெட் வராது. அண்ணன் அவள் போனை யூஎஸ்பி கேபிளில் செருகி நெட் கொடுத்தார். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறி விழுந்த வரியைத் திறந்து, ஹார்டுவேர் ஐடியைப் படித்தார். 8086 என்றால் இன்டெல், 10ஈசி என்றால் ரியல்டெக். இது ரியல்டெக். கம்பெனி தளத்திலிருந்து அந்த ஒன்றை மட்டும் இறக்கினார்.

“மொத்த டிரைவர் பேக் போட்டா ஒண்ணு சரியாகும், நாலு கெடும்” என்றார்.

“பயாஸையும் அப்டேட் பண்ணிடலாமாண்ணே?”

“இப்ப ஏதாவது தொல்லை இருக்காம்மா?”

“இல்லண்ணே.”

“அப்ப வேணாம். புது எஸ்எஸ்டி போட்டு, அது தெரியலைன்னா கொண்டா. பேட்டரி ஃபுல்லா இருக்கணும், சார்ஜரையும் எடுத்துக்கிட்டு வா.”