குரலும் பேரேடும்

எழுதுவதற்கு முன் பேசிப் பார்ப்பது என் பழக்கம். பகல் முழுவதும் வங்கிக் கவுண்டரில் பிறர் கணக்கைப் பார்க்கிறவனுக்கு ராத்திரி மொட்டை மாடிதான் வாய்க்கிறது. படித்ததைப் பற்றித் தோன்றுவதையெல்லாம் அங்கே கைபேசியில் பேசிவைப்பேன். நாலு வருஷத்தில் 800 பதிவுகளுக்கு மேல் சேர்ந்துவிட்டன. 'குரல் 41', 'குரல் 42' என்று வெறும் எண்கள். எதில் என்ன சொன்னேன் என்பது எனக்கே தெரியாது.

சாமுவேல் பெக்கெட்டின் 'கிராப்பின் கடைசி ஒலிநாடா' (1958) நாடகத்தில் வரும் கிழவனிடம் ஒரு பேரேடு இருக்கிறது. எந்தப் பெட்டியில் எத்தனையாவது நாடா என்று அதைப் பார்த்தே எடுக்கிறான். ஆனால் அதில் தானே எழுதிவைத்த குறிப்பு அவனுக்கு விளங்குவதில்லை. பி.ஏ. படிக்கையில் இதை ஹாஸ்யம் என்று நினைத்தேன். குமாஸ்தாவான பிறகு அப்படித் தோன்றவில்லை.

பேரேடு எழுத எனக்குப் பொறுமையில்லை. தப்பும் திருத்தமுமாக, பைதானில் 60 வரிக்கு ஒரு நிரல் எழுதினேன். முதலில் தேதி. கணினிக்கு நகலெடுத்ததில் எல்லாக் கோப்புகளுக்கும் ஒரே தேதி விழுந்திருந்தது. கோப்பின் உள்ளே பதிந்திருந்த அசல் நேரமோ கிரீன்விச் கணக்கில் இருந்தது. ஐந்தரை மணி கூட்டினால்தான் நம் ராத்திரி நம்முடையதாகிறது. அடுத்தது எழுத்து. 2022-இல் வெளிவந்த விஸ்பர் என்னும் இலவச மென்பொருள் தமிழ்ப் பேச்சையும் சுமாராக எழுத்தாக்கும். அதற்கு ஒரு வினோத சுபாவம்: மௌனத்தைக் கொடுத்தால் சில சமயம் யாரும் சொல்லாத வாக்கியங்களைத் தானே எழுதிவிடும். விமர்சகர்களுக்கும் இது உண்டு. ஆகவே மைனஸ் 40 டெசிபலுக்குக் கீழே 2 விநாடிக்கு மேல் நீடிக்கும் இடங்களை முன்கூட்டியே வெட்டிவிட ஏற்பாடு செய்தேன். பிறகு, எழுத்தில் வந்த சொற்களைக் கொண்டு பதிவுகள் பிரிந்தன: கவிதை, நாவல், வீடு, கடன். எதிலும் அடங்காதவை 'சஸ்பென்ஸ்' என்ற கோப்புறைக்கு. இன்னாருடையது என்று தெரியாத தொகையை வங்கியில் அப்படித்தான் வைப்போம்.

ஒரு நண்பரின் கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுத வேண்டியிருந்தபோது நிரலிடம் தேடினேன். உடனே கொடுத்தது: "நன்றாக இருக்கிறது. ஆனால் படிமம் பழையது." முதல் வாக்கியத்தை உபசாரம் என்று தள்ளிவிட்டு, இரண்டாவதை இரண்டு பக்கத்துக்கு விரித்தேன். அச்சில் வந்தது. அதற்கப்புறம் நண்பர் என்னோடு பேசவில்லை.

போன மாதம், பழைய கைபேசியில் வேறெதையோ தேடுகையில், அந்த மூலப் பதிவு காதில் விழுந்தது. "நன்றாக இருக்கிறது" என்கிறேன். பிறகு ஒன்றுமில்லை. லேசான மூச்சு. மிகத் தூரத்தில், கேட்டும் கேட்காமலும், ஒரு ரயில். கவிதையை மறுபடி படிக்கிறேன் போலிருக்கிறது. 11 விநாடி. அதன்பின்தான் 'ஆனால்' வருகிறது, இஷ்டமில்லாதவன் குரலில். எழுத்தில் அது தீர்ப்பாக இருந்தது. குரலில், ஒருவன் தன் சந்தோஷத்திலிருந்து சிரமப்பட்டு இறங்குவது கேட்கிறது.

மதிப்புரையை நான் வாபஸ் வாங்கப் போவதில்லை. படிமம் பழையதுதான். ஆனால் பழைய படிமம் ஒருவனை 11 விநாடி வாயடைக்க வைத்தது எப்படி என்பதுதான் நான் எழுதியிருக்க வேண்டிய மதிப்புரை. அதை யந்திரத்தின் தலையில் கட்ட முடியாது. வெட்டும் வரம்பை நிர்ணயித்தவன் நான்.

இப்போது நிரலைத் திருத்தியிருக்கிறேன். வெட்டிய இடத்தில் எத்தனை விநாடி போயிற்று என்று எழுத்தில் குறித்துவிடுகிறது. 5 விநாடிக்கு மேல் மௌனம் உள்ள பதிவுகள், சொல் எதுவானாலும், சஸ்பென்ஸுக்கே போகின்றன. வங்கியில் சஸ்பென்ஸ் பதிவு நாள்பட்டு நின்றால் ஆடிட்டர் கேட்பார். இந்தக் கணக்கில் கேட்கக்கூடியவர் ஒருவர்தான். அவர் பேசுவதில்லை.