நோய் செய்யாத கிருமி



வியாதியஸ்தரைச் சந்திக்கச் செல்லும் எந்தப் போதகரிடமும் வந்து சேரும் கேள்வி ஒன்று உண்டு: "ஐயா, இது தேவன் கொடுத்த தண்டனையா?" எய்ட்ஸ் நோயைப் பொறுத்தமட்டில் அது கேள்வியாகக்கூட வரவில்லை. 1986இல் சென்னையில் எச்.ஐ.வி. கிருமி இந்தியாவிலேயே முதன்முறையாகக் கண்டறியப்பட்ட பின், பல பிரசங்க பீடங்களிலிருந்து அது தீர்ப்பாகவே ஒலித்தது. கணவனால் தொற்றுக்குள்ளான மனைவியும், தொற்றோடு பிறந்த குழந்தையும் அதே தீர்ப்பின்கீழ் உட்கார்ந்திருந்தார்கள்.

மேற்கு ஆப்பிரிக்கக் காடுகளில் சூட்டி மாங்கபே என்றொரு குரங்கு வாழ்கிறது. புகை படிந்தாற்போன்ற சாம்பல் நிற மேனி. எச்.ஐ.வி.யின் நெருங்கிய உறவான எஸ்.ஐ.வி. என்னும் கிருமி அதன் இரத்தத்தில் இயல்பாகவே குடியிருக்கிறது, எச்.ஐ.வி.யின் இரண்டாம் வகை மனிதருக்கு வந்ததும் இக்குரங்கிடமிருந்துதான். அக்கிருமி அங்கே ஒளிந்து வாழவில்லை. ஏராளமாகப் பெருகிக்கொண்டே இருக்கிறது. ஆயினும் மாங்கபே குட்டிகளை ஈன்று, முதிர்ந்து, தன் ஆயுளை வாழ்ந்து முடிக்கிறது. அதே கிருமி ஆசியாவின் ரீசஸ் குரங்குக்குள் புகுந்தால், அது எய்ட்ஸ் கண்டு மடிகிறது.

காரணம் கிருமியின் சாதுகுணம் அன்று. இரு குரங்குகளிலும் தொற்றின் முதல் வாரங்கள் ஏறக்குறைய ஒரேவிதமாகவே கழிகின்றன: கிருமி நுழைகிறது, உடலின் எதிர்ப்பாற்றல் கொதித்தெழுகிறது. மாங்கபேயில் சில வாரங்களுக்குள் அக்கொதிப்பு அடங்கிவிடுகிறது. ரீசஸ் குரங்கிலும் மனிதனிலும் அடங்குவதில்லை. அணையாத அந்நெருப்பில் எதிர்ப்பணுக்களே தேய்ந்துபோகின்றன. குடற்சுவர் பழுதடைந்து, குடலுக்குள் இருக்கவேண்டிய பாக்டீரியாவின் கூறுகள் இரத்தத்தில் கசிகின்றன. அக்கசிவு மறுபடியும் நெருப்பைத் தூண்டுகிறது. மாங்கபேயின் குடற்சுவரோ சிதையாமல் நிற்கிறது. மேலும், நீண்டகால நினைவைக் காக்கும் முக்கியமான எதிர்ப்பணுக்களில், கிருமி நுழைவதற்கான வாசல் அக்குரங்குக்கு மிகக் குறைவு. கிருமி மற்ற அணுக்களில் பெருகினாலும், மூலதனம் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கிறது.

இந்தச் சமாதானத்தை அழகிய உவமையாக்கிப் பிரசங்கிக்க ஆசை வரும். சற்றுப் பொறுங்கள். தென் அமெரிக்கக் காட்டுமுயலின் தோலில் ஒரு சிறு கட்டியோடு நின்றுவிடும் மிக்சோமா கிருமியை, 1950இல் ஆஸ்திரேலியாவில் பெருகியிருந்த ஐரோப்பிய முயல்கள்மேல் ஏவினார்கள். தொடக்கத்தில் தொற்றுக்குள்ளான முயல்களில் நூற்றுக்கு 99 மாண்டன. பின்னர்தான் கிருமியின் கொடுமை தணிந்தது, மிஞ்சிய முயல்களின் எதிர்ப்பும் வளர்ந்தது. மாங்கபேயின் மூதாதைகளும் அப்படியொரு விலை கொடுத்திருக்கக்கூடும். எஸ்.ஐ.வி. ஆப்பிரிக்கக் குரங்குகளோடு பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்துவருவதாக அறிவியலாளர் கணிக்கின்றனர். (காலக்கணக்கைக் கண்டு முகம் சுளிப்போர் உண்டு என்றறிவேன், அதை வேறொரு வாரம் பேசுவோம்.) எச்.ஐ.வி.யின் முதல் வகை நம்மிடம் வந்தது சிம்பன்சியிடமிருந்து. காட்டில் வாழும் சிம்பன்சிகள் இன்றும் தங்கள் கிருமியால் நோயுறுகின்றன. அவை எந்தக் கட்டளையை மீறின?

ஒழுக்கத்தைக் குறித்துத் திருச்சபை போதிக்கட்டும், நானும் போதிக்கிறேன். ஆனால், ஓர் உயிரில் அமைதியாய்த் தங்கி, இன்னோர் உயிரில் மரணமாகும் ஒரு கிருமியின்மேல் பரலோகத்தின் கையெழுத்தைத் தேடுவது வேதத்தை வாசிக்கும் முறையல்ல. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தபோது, எருசலேமில் அவர்களே மற்றவரினும் பெரிய குற்றவாளிகளா என்பதற்கு ஆண்டவர் இல்லை என்றே பதிலளித்தார். பிறவிக் குருடனைக் காட்டி, பாவஞ்செய்தவன் இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சீஷர் கேட்டபோது, இரண்டையும் அவர் மறுத்தார். பிறகு குனிந்து, தரையில் உமிழ்ந்து சேறு குழைத்து, தம் விரல்களால் அவன் கண்களில் பூசி, கழுவிவர அனுப்பினார். அனுப்பிய இடம், அதே சீலோவாம்.