சிறு நிரலும் ஒரு வெற்று வரியும்

அட்டவணைகளை வாசகர் படிப்பதில்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பத்திரிகையில் இருந்துவிட்ட எனக்கு இதில் ஐயமே கிடையாது. பக்கத்தின் நடுவே எண்களைப் பெட்டி கட்டிப் போட்டால், கண் அதைச் சுற்றிக்கொண்டு அடுத்த பந்திக்குப் போய்விடும். அதே எண்களைக் கோடாக வரைந்து கொடுத்தால் ஒரு கணமாவது நிற்கும். ஆனால் அன்றைய ஆசிரியபீடத்தில் ஒரு வரைபு வேண்டுமென்றால் ஓவியரைக் கெஞ்ச வேண்டும். அவரோ மறுநாள் கருத்துப்படத்தில் மூழ்கியிருப்பார். ஆகவே எண்கள் எண்களாகவே அச்சேறின.

இப்போது வெலிமடையில் இருந்தபடி அந்த வேலையை நானே செய்துகொள்கிறேன். க்னுபிளொட் என்றொரு இலவச மென்பொருள். 1986இல் தோமஸ் வில்லியம்ஸ், கொலின் கெலி ஆகிய இருவர் எழுதத் தொடங்கியது. (பெயரைப் பார்த்து க்னு இயக்கத்தின் பிள்ளை என்று எண்ணுவோர் உண்டு, அவ்வுறவு இல்லை.) கலைப் பட்டதாரியான எனக்கே இது பிடிபட்டதென்றால் உங்களுக்கும் பிடிபடும்.

நான் எடுத்துக்கொண்டது குடிசன மதிப்பு அட்டவணையில் 'இந்தியத் தமிழர்' என்ற பத்தியை, அதாவது எங்களை. 1946இல் 780,589. 1953இல் 974,098. 1963இல் 1,122,961. 1971இல் 1,174,606. 1981இல் 818,656. 2012இல் 839,504. 2024இல் ஆறு இலட்சத்துச் சொச்சம், நாட்டின் சனத்தொகையில் 2.8 சதவீதம். இவற்றை ஒரு வெறும் எழுத்துக் கோப்பில், வரிக்கு ஓர் ஆண்டாக, காற்புள்ளியால் பிரித்துத் தட்டச்சிட வேண்டும். எண்ணுக்கு உள்ளே இருக்கும் காற்புள்ளிகளை மறக்காமல் எடுத்துவிட வேண்டும். இல்லையேல் 1963இன் பதினொரு இலட்சம் பேரும் கணினியின் கண்ணில் ஒரே ஒருவராகிவிடுவர். அப்படி நம்மை எண்ணியவர்கள் கணினிக்கு முன்பும் இருந்தார்கள் என்பது வேறு கதை.

நிரல் நான்கே வரி. பிரிப்பது காற்புள்ளி என்று ஒன்று; தலைப்பு ஒன்று; நிலைக்குத்து அச்சு பூச்சியத்தில் தொடங்கட்டும் என்று ஒன்று; முதற்பத்தியைக் கிடையாகவும் இரண்டாவதை நிலைக்குத்தாகவும் வைத்துப் புள்ளியும் கோடுமாக வரை என்று ஒன்று.

"எக்செல்லில் இரண்டு சொடுக்கு போதுமே, மாமா" என்றான் மருமகன். போதும்தான். ஆனால் வழமையான சலாகை வரைபு எல்லா ஆண்டுகளையும் ஒரே இடைவெளியில் நிறுத்தும். 1946க்கும் 1953க்கும் இடையில் ஏழு ஆண்டு. 1981க்கும் 2012க்கும் இடையில் முப்பத்தொன்று. இரண்டும் ஒரே அகலம் என்றால், வீழ்ச்சியின் வேகம் எப்படித் தெரியும்? எக்செல்லிலும் சரியாக வரையலாம். தேடிப்போய்க் கேட்க வேண்டும். பூச்சியமும் அப்படித்தான். சொல்லாமல் விட்டால் க்னுபிளொட் அச்சை ஆறு இலட்சத்திலிருந்து தொடங்கும். கடைசிப் புள்ளி தரையைத் தொட்டு, நாம் முற்றாக இல்லாமற் போனது போலத் தோன்றும்.

கோடு வந்ததும் என் கண் நின்ற இடம் 1971. 1948இன் குடியுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது. மிச்சமிருந்த 150,000 பேரை 1974இல் பாதிபாதியாகப் பிரித்தார்கள். ஆயினும் ஒப்பந்தத்துக்கு ஏழு ஆண்டுகள் கழித்தும் கோடு மேலேதான் ஏறுகிறது. அடுத்த பத்தாண்டில் 355,950 பேர் குறைவு. அட்டவணையில் இதைக் கழித்துப் பார்த்தால்தான் தெரியும். வரைபில் அது மலைச்சரிவு. வெலிமடைக்குக் கோச்சி கிடையாது. சுற்றுவட்டத் தோட்டத்தார் பண்டாரவளைக்கு வந்து ஏறினார்கள். பிறகு தலைமன்னார், கப்பல், இராமேஸ்வரம். புகையிரத நிலையத்துக் கூக்குரலைக் கேட்டவர்கள் இன்னும் இந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள்.

ஆனால் அச்சரிவு முழுவதும் கப்பல் ஏறியவர்கள் அல்லர். 'இலங்கைத் தமிழர்' என்று பதிந்துகொண்டவர்களும் அதில் இருக்கிறார்கள். கோட்டுக்கு இருவரும் ஒன்றே.

க்னுபிளொட்டில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. தரவுக் கோப்பின் நடுவே ஒரு வெற்று வரி விட்டால் கோடு அங்கே அறுந்துவிடும். 1981க்குப் பிறகு ஒரு வெற்று வரி விட்டேன். 1991இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. 2001இல் நடந்தது வடக்கு கிழக்கில் முழுமையாகவில்லை. யுத்தகாலம் அடங்கிய முப்பத்தொரு ஆண்டை நேர்கோட்டால் இணைப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை.

2012க்கும் 2024க்கும் இடையில் இரண்டு இலட்சத்துக்கு மேல் குறைவு. இம்முறை கப்பலுமில்லை, ஒப்பந்தமுமில்லை. படிவத்தில் 'மலையகத் தமிழர்' என்ற பெயரும் இருந்தது. அப்படியிருந்தும் வேறு பெட்டியில் அடையாளமிட்டவர்கள், இடப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பதை இந்தப் பத்தி சொல்லாது. அங்கேயும் ஒரு வெற்று வரி விட்டிருக்கிறேன். கடைசிப் புள்ளி இப்போது எதனோடும் ஒட்டாமல் தனியே நிற்கிறது. மருமகன் அதை வழு என்கிறான்.