வந்த வழியும் போன வழியும்

இடி விழுந்த டிவி என்றால் இப்போது யாரும் கையில் வாங்குவதில்லை. நான் கடையை ஒழித்துக்கொண்டிருந்த நேரத்தில், இளைய மெக்கானிக் ஒருவர் என் எதிரிலேயே ஒரு அம்மாவிடம், “இடி செட்டு தேறாதும்மா, யுனிவர்சல் போர்டு மாட்டிருவோம்” என்றார். செட்டின் பின்மூடியைக்கூடக் கழற்றவில்லை. மூடியைக் கழற்றாமல் பலன் சொல்ல மெக்கானிக் எதற்கு, ஜோசியரே போதுமே.

எங்கள் பக்கம் திருச்செந்தூர், உடன்குடி வட்டாரம். தேரி மணல் காய்ந்து கிடக்கும்; எர்த் சரியாகப் பிடிக்காது. 1982-இல் இலங்கையில் ரூபவாகினி தொடங்கியதும், அதைப் பிடிப்பதற்காக வீட்டுக்கு வீடு பனைக்குப் போட்டியாக இரும்புக் குழாயை ஏற்றி ஆன்டெனாவும் பூஸ்டரும் கட்டினார்கள். இடி இறங்க வேறு என்ன வேண்டும்? பிறகு கேபிள் வந்தது. 2006-க்குப் பிறகு அரசின் 14 அங்குல இலவசக் கலர் டிவி வந்தது. சித்திரை, ஐப்பசி மாதங்களில் எங்கள் கடையில் கால் வைக்க இடம் இருக்காது.

நான் தொழில் படித்தது ஓர் அண்ணாச்சியிடம். இடி செட் வந்தால் ஸ்குரூ டிரைவரைப் பிடுங்கி வைத்துக்கொள்வார். “மொதல்ல கொண்டாந்த ஆளக் கழத்துலே, பொறவு செட்டக் கழத்து” என்பார். வீட்டில் ஃபிரிஜ் ஓடுகிறதா, பக்கத்து வீட்டு டிவி போச்சா, கேபிள் செருகியபடி இருந்ததா என்று வந்தவரை உட்காரவைத்து விசாரிப்பார். ஃபிரிஜ், மோட்டார் எல்லாம் சேர்ந்து போயிருந்தால் கரண்டு லைன் வழியாக வந்திருக்கிறது. ஃபிரிஜ் நன்றாக இருக்க, தெருவில் கேபிள் வைத்த வீடுகள் வரிசையாகப் போயிருந்தால் கேபிள் வழி. முக்கால்வாசி செட்டில் இடி நேராக விழுவதே இல்லை. எங்கோ விழுந்தது லைனில் ஏறி வரும், அவ்வளவுதான்.

வந்த வழி தெரிந்தால் பாதி வேலைதான் ஆயிற்று. போன வழி தெரிய வேண்டும். அண்ணாச்சி அடித்து அடித்துச் சொன்ன பாடம் இது. இடி செட்டுக்குள் வந்து தங்காது; கேபிளில் நுழைந்தால் டியூனரை அடித்துவிட்டு மெயின்ஸ் வழியாக வெளியே போகும். அப்படிப் போக, கேபிள் பக்கமான கோல்டு கிரவுண்டிலிருந்து மெயின்ஸ் பக்கமான ஹாட் கிரவுண்டுக்குத் தாண்டியாக வேண்டும். சாப்பர் டிரான்ஸ்ஃபார்மரை விட்டால், பெரும்பாலும் தாண்டுவது இரண்டு இடங்களில்: டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் இருக்கும் நீலநிற ஒய் கப்பாசிட்டர், அப்புறம் அந்தப் பக்க வோல்டேஜை ஒளி மூலம் இந்தப் பக்கத்துக்குச் சொல்லும் ஆப்டோ.

இந்த ஆப்டோதான் என் ஜென்மப் பகை. முழுக்கச் செத்துப்போன பார்ட் தொல்லை தராது. ஃபியூஸ் கறுத்திருக்கும், பிரிட்ஜ் ஷார்ட், எஸ்.டி.ஆர். பவர் ஐ.சி. வெடித்திருக்கும், மாற்றினால் 310 வோல்ட் வரும், படமும் வரும். அந்த இடத்தில் பில் எழுதிவிடுகிறவர்கள் உண்டு. ஆனால் இடி ஆப்டோவைக் கொல்லாமல் காயப்படுத்திவிட்டுப் போயிருக்கும். மீட்டரில் வைத்தால் நல்ல பிள்ளையாகக் காட்டும். செட் சூடேறியதும் ஃபீட்பேக் தளர்ந்து, 115 வோல்ட் நிற்க வேண்டிய இடத்தில் 125, 130 என்று ஏறும். ஹரிசாண்டல் டிரான்சிஸ்டர் போகும், எல்.ஓ.டி. டிரான்ஸ்ஃபார்மர் போகும். வீட்டுக்காரர் வந்து “போன மாசம்தான செஞ்சீரு?” என்று கேட்பார். அதனால் அண்ணாச்சி கடையில் ஒரு சட்டம். இடி செட் என்றால் ஆப்டோ, எரர் ஐ.சி., ஒய் கப்பாசிட்டர் மூன்றும் நல்லதா கெட்டதா என்ற கேள்வியே இல்லை, குப்பைக்கு. மூன்றும் சேர்ந்து சொற்ப விலைதான். இன்றைக்கு எல்.இ.டி. டிவியிலும் அதே 817 ஆப்டோதான் இருக்கிறது. 5 வோல்ட் 7 ஆனால் மெயின் போர்டு கதை முடிந்தது.

ஒய் கப்பாசிட்டருக்குப் பதிலாகக் கையில் கிடைத்த சாதாக் கப்பாசிட்டரைப் போடுகிற புண்ணியவான்களையும் பார்த்திருக்கிறேன். அது ஷார்ட் ஆனால் ஆன்டெனா சாக்கெட்டில் கரண்டு வந்து நிற்கும். தொடுவது யாராகவும் இருக்கலாம். இதில் எனக்குச் சமாதானமே கிடையாது.

டிஜிட்டல் மீட்டர் டையோடு சோதனைக்கு இரண்டு மூன்று வோல்ட்தான் கொடுக்கும். மெல்லிய லீக்கேஜ் அதில் தெரியாது. பழைய முள் மீட்டரை டென்-கே ரேஞ்சில் வைத்தால் உள்ளே இருக்கும் 9 வோல்ட் பேட்டரி அதை வெளியே இழுத்துப்போடும். அந்த மீட்டரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சீரீஸ் பல்பும் அப்படித்தான். 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் போட்டு செட்டை ஆன் செய்தால், பளிச்சென்று எரிந்து அடங்கினால் நல்லது, எரிந்துகொண்டே இருந்தால் இன்னும் ஷார்ட் இருக்கிறது. இப்போதைய பையன்கள் நேராகவே சொருகி, புதுப் பார்ட்டையும் வெடிக்கவிட்டு, “இடி செட்டு அப்படித்தான்” என்கிறார்கள்.

இப்போது இடி செட்டாப் பாக்ஸ் வழியாக எச்.டி.எம்.ஐ. பிடித்து உள்ளே வருகிறது. போர்ட்டுக்குப் பக்கத்தில் பாதுகாப்புக்கு வைத்த பொடி டையோடு மட்டும் ஷார்ட் ஆகி, அதை எடுத்ததும் படம் வந்த செட்டுகள் உண்டு. மெயின் ஐ.சி. உள்ளேயே போயிருந்தால், தாமிரக் கோடு உரிந்து போர்டு கரியாகியிருந்தால், நானும் போர்டைத்தான் மாற்றச் சொல்வேன். பார்த்துவிட்டுச் சொல்வேன். கம்பெனி ஆட்களோ “இடிக்கு வாரண்டி இல்லை” என்று ஒரு வரி எழுதி, புது டிவி விலையைத் தொடும் ஒரு தொகையையும் எழுதிவிட்டுப் போகிறார்கள்.

இடி வருவதற்கு முன்பே பிளக், கேபிள் இரண்டையும் கழற்றி வையுங்கள். ரிமோட்டில் அணைத்தால் போதாது, சாதாரண ஸ்பைக் பஸ்டர் கேபிள் வழியைக் காக்காது. அதையும் மீறிப் போய்விட்டால், “தேறாது” என்று சொல்கிறவரிடம் எந்த லைன் ஷார்ட் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரிடம் மட்டும் செட்டைக் கொடுங்கள்.